பக்கத்து நாட்டில் ஆட்சி ஆடியபோது அங்கே இருந்தீர்களா? உங்கள் அனுபவத்தை எழுதுங்கள்

சிவகங்கைக்காரன்

இந்தியா நினைத்தால் நேபாளத்தை ஒரே வாரத்தில் வழிக்குக் கொண்டுவந்துவிடும் என்று நம் பக்கம் அடித்துச் சொல்பவர்கள் நிறைய பேர். 2015இல் நான் காத்மாண்டுவில் வேலையில் இருந்தேன். அப்போது இந்தியா நினைக்கத்தான் செய்தது. நடந்தது வேறு. அதை எழுதுகிறேன், இதுபோல் வேறு நாடுகளில் இருந்தவர்களும் எழுதுங்கள்.

அந்த ஏப்ரல் 25 நிலநடுக்கத்தில் ஏறக்குறைய 9,000 பேர் இறந்திருந்தார்கள். சிந்துபால்சோக் மாவட்டத்தில் தகரக் கொட்டகையில் பள்ளிக்கூடம் போட்டுக் கொடுப்பது எங்கள் வேலை. செப்டம்பர் 20ஆம் தேதி புதிய அரசியல் சாசனம் வருவதாக இருந்தது. தெற்கே தராய் சமவெளியில் இருக்கும் மாதேசி மக்கள் அதை ஏற்கவில்லை. மாகாண எல்லைகளை வரைந்த விதம், தொகுதிகளைப் பிரித்த விதம், குடியுரிமை விதிகள் எல்லாமே தங்களை ஒதுக்குகின்றன என்றார்கள். அவர்கள் குறை உண்மையானது. போராட்டத்தில் 40க்கும் மேற்பட்டோர் செத்திருந்தார்கள். சாசனம் வர இரண்டு நாள் இருக்கும்போது நம் வெளியுறவுச் செயலர் ஜெய்சங்கர் பிரதமரின் தூதராக வந்து, இவர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று பேசிப் பார்த்தார். நேபாளத் தலைவர்கள் கேட்கவில்லை. சொன்ன தேதியில் சாசனம் வந்தது.

அடுத்த சில நாளில் ரக்சால் – பீர்கஞ்ச் எல்லையில் லாரிகள் நின்றுவிட்டன. நேபாளத்துக்குப் போகும் சரக்கில் பெரும்பங்கு அந்த வழியில்தான். மாதேசிகள் எல்லைப் பாலத்தில் உட்கார்ந்திருந்தார்கள். நாங்கள் எதையும் தடுக்கவில்லை, கலவரத்துக்குப் பயந்து டிரைவர்கள் போக மறுக்கிறார்கள் என்று டெல்லி சொன்னது. காத்மாண்டுவில் நான் பார்த்தவரை அதை நம்பிய ஒரு ஆள் கிடையாது. கேஸ் சிலிண்டரில் பாதிதான் நிரப்பிக் கொடுத்தார்கள். அரசாங்கமே விறகு விற்றது. பெட்ரோல் கள்ளச்சந்தையில் பல மடங்கு. மலைக்குமேல் தகரம் ஏற்றிப் போக வண்டிக்கு டீசல் இல்லாமல் எங்கள் வேலை நின்றது. குளிர் வருவதற்குள் முடித்திருக்க வேண்டிய கொட்டகைகள் அவை. அந்தப் பிள்ளைகளை நினைத்தால் இன்றும் எனக்குக் கோபம் வரும்.

நான் தங்கியிருந்த வீட்டு தீதியின் (அங்கே அக்காவை அப்படித்தான் கூப்பிடுவார்கள்) அண்ணன் நம் ராணுவத்தின் கோர்க்கா படைப்பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். இந்திய அரசின் பென்ஷனில் குடும்பம் நடத்துகிறவர். காசிக்கு இரண்டு முறை போய்வந்தவர். அவர் என்னிடம் கேட்டார்: "தம்பி, வீடு இடிந்து நிற்கிறவன் அடுப்பை அணைத்துவிட்டு, நான் சொல்கிறபடி சட்டம் எழுது என்றால் எழுதுவானா?" இந்தியாவை வெறுக்க எந்தக் காரணமும் இல்லாத மனிதர் அவர். அந்த மாதங்களில் காரணம் கிடைத்துவிட்டது.

சீனா கேரூங் எல்லை வழியாக 13 லட்சம் லிட்டர் எரிபொருளை இலவசமாகத் தந்தது. தேவையோடு பார்த்தால் அது கொஞ்சம்தான். ஆனால் அதைப் பற்றிப் பேசாத டீக்கடை இல்லை. 2016 பிப்ரவரியில் எல்லை திறந்தது. அதற்கு முந்தைய மாதம் சாசனத்தில் ஒரு திருத்தம் வந்தது, தொகுதிப் பிரிப்பிலும் வேலை ஒதுக்கீட்டிலும் கொஞ்சம் இறங்கி வந்தார்கள். மாகாண எல்லை மாறவில்லை. தடை நடந்துகொண்டிருந்தபோது பிரதமரான கே.பி. சர்மா ஒலி மார்ச்சில் பெய்ஜிங் போய், சீனத் துறைமுகங்கள் வழியாகச் சரக்கு கொண்டுவர ஒப்பந்தம் போட்டார். 2017 தேர்தலில் அவர் கூட்டணி பெரும்பான்மையோடு வந்தது. எந்த மாதேசிகளுக்காக இத்தனையும் செய்ததாகச் சொன்னார்களோ, அவர்களை மலைப்பக்கத்தார் இந்தியாவின் ஆட்கள் என்று பார்க்கத் தொடங்கினார்கள். எனக்கு இதுதான் எல்லாவற்றிலும் பெரிய நஷ்டமாகத் தெரிகிறது.

வேலூர் கோட்டை

நான் வெளிநாடு போனதில்லை, பங்களாதேஷ்தான் எங்களிடம் வரும். வேலூர் சி.எம்.சி. மருத்துவமனைக்குச் சிகிச்சைக்கு வருகிறவர்களுக்கு லாட்ஜ் நடத்துகிறோம். எங்கள் தெருவில் பாதிக் கடைகளில் பெயர்ப்பலகை வங்காள மொழியிலும் இருக்கும். குல்னா, ராஜ்ஷாஹி, சட்டோகிராம் என்று எங்கிருந்தெல்லாமோ பெனாபோல் என்ற ஊரில் எல்லையைத் தாண்டி, கொல்கத்தா வந்து, ரயிலேறி காட்பாடியில் இறங்குவார்கள்.

2024 ஜூலையில் அங்கே மாணவர்கள் போராட்டம் முற்றியபோது எங்கள் லாட்ஜில் சில குடும்பங்கள் தங்கியிருந்தன. விடுதலைப் போராட்ட வீரர்களின் வாரிசுகளுக்கு அரசு வேலையில் 30 சதவீத ஒதுக்கீட்டை நீதிமன்றம் திரும்பக் கொண்டுவந்ததில் ஆரம்பித்தது. ஜூலை 18 முதல் அங்கே இணையத்தையே நிறுத்திவிட்டார்கள். வீட்டில் பிள்ளை உயிரோடு இருக்கிறானா என்று தெரியாமல், ஆபரேஷன் முடிந்த கணவரின் பக்கத்தில் போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த ஒரு அம்மாவுக்கு என்ன சொல்வது என்று எங்களுக்குத் தெரியவில்லை.

ஆகஸ்ட் 5ஆம் தேதி ஷேக் ஹசீனா ஹெலிகாப்டரில் கிளம்பிய செய்தியை வரவேற்பறை டிவியில் எல்லோரும் சேர்ந்துதான் பார்த்தோம். ஒருவர் கைதட்டினார். ஒரு இந்துக் குடும்பம் ஊரில் இருக்கும் வீட்டை நினைத்து அழுதது. இரண்டும் ஒரே அறையில். அன்று மாலை ஹசீனா டெல்லிக்குப் பக்கத்தில் ஹிண்டன் விமானப்படைத் தளத்தில் இறங்கினார். கைதட்டியவர் ஓய்வு பெற்ற வாத்தியார். எங்களோடு வருஷக்கணக்கில் பழக்கம். அவர் சொன்னது: "தாதா (அண்ணா), உங்கள் அரசாங்கம் எங்கள் நாட்டோடு நட்பு வைக்கவில்லை. ஒரு கட்சியோடு வைத்தது. அது போனதும் எங்களோடு பேச உங்களிடம் யாரும் இல்லை."

அதை நான் மறுக்க முடியவில்லை. 2024 ஜனவரி தேர்தலை முக்கிய எதிர்க்கட்சியான பி.என்.பி. புறக்கணித்தது. மேற்கு நாடுகள் குறை சொன்னபோதும் டெல்லி ஹசீனாவின் பக்கம்தான் நின்றது. 15 வருஷம் ஒரே ஆளை நம்பியதில், தெருவில் இறங்கிய பிள்ளைகளின் மனது யாருக்கும் தெரியவில்லை.

அப்புறம் விசா அவசர சிகிச்சைக்கு மட்டும் என்று சுருங்கியது. திரும்பப் பரிசோதனைக்கு வர வேண்டியவர்கள் வரவில்லை. சிலர் பாங்காக் போனதாகக் கேள்விப்பட்டோம். சீனாவின் குன்மிங் நகரத்து மருத்துவமனைகள் பங்களாதேஷ் நோயாளிகளுக்கு என்றே கதவைத் திறந்தன. எங்களுக்கு அறை காலியாவது ஒரு கவலைதான். அதைவிட, நம்மைப் பற்றி நல்லவிதமாக ஊரில் போய்ச் சொல்ல இருந்த ஆட்களை நாமே நிறுத்திவிட்டோம்.

நூல்கடை

வேலூர் அண்ணன் எழுதியதற்குத் திருப்பூர் பக்கத்துச் செய்தி ஒன்று. அந்த ஆகஸ்டில் டாக்கா ஆர்டரெல்லாம் இனி நமக்குத்தான் என்று இங்கே பெரிய பேச்சு. ஆர்டர் கேட்டுக் கொஞ்சம் விசாரணை வந்தது உண்மை. ஆனால் நான் நூல் விற்கிறவன். நம் மில்களின் நூலுக்குப் பெரிய வாடிக்கையாளரே பங்களாதேஷ்தான் என்பதைப் பலர் மறந்துவிட்டார்கள். 2025 ஏப்ரலில் இந்தியா அவர்களுடைய சரக்கு நம் விமான நிலையங்கள், துறைமுகங்கள் வழியாக மூன்றாம் நாட்டுக்குப் போகும் வசதியை நிறுத்தியது. அதே மாதம் அவர்கள் தரைவழியாக இந்திய நூல் வருவதை நிறுத்தினார்கள். மே மாதம் நாம் அவர்களுடைய ஆயத்த ஆடை தரைவழியாக வருவதை நிறுத்தினோம். இதில் டாக்காவின் அரசியல் ஒரு அங்குலம் நம் பக்கம் திரும்பியதா? எனக்குத் தெரிந்த வங்காள வியாபாரி இப்போது கடல்வழியாக இறக்குகிறார், சரக்கு சேர நாள் கூடுகிறது, விலை கேட்கும்போது சீன நூல் விலையையும் சேர்த்துச் சொல்கிறார்.

வடமராட்சி

2022இல் நான் கொழும்பில் வெள்ளவத்தையில் இருந்தேன். பெற்றோல் கியூ, காஸ் கியூ, பால்மா இல்லை, மணிக்கணக்கில் கரண்ட் இல்லை. இந்தியாவில் இருந்து டீசல் கப்பல் வருகிறதாம் என்றால் எங்கள் மாடிக்குடியிருப்பில் சிங்களச் சனமும் தமிழ்ச் சனமும் சேர்ந்து சந்தோசப்பட்டது. அந்த வருடம் இந்தியா தந்த கடனும் உதவியும் ஏறக்குறைய 400 கோடி டொலர். வேறு எந்த நாடும் அந்த நேரத்தில் அப்படி ஓடி வரவில்லை. தமிழ்நாட்டில் இருந்து அரிசி, பால்மா, மருந்து வந்தது. எல்லா இனத்தவருக்கும் கொடுத்தார்கள். இந்தியா என்றாலே முகம் சுளிக்கும் எங்கள் கீழ்வீட்டு மனுசி, மகளுக்குப் பால்மா கிடைத்த அன்று என்னைக் கட்டிப்பிடித்தா. அதை நான் மறக்கமாட்டேன்.

ஆனால் அரசியல் என்று வந்தால் கதை வேறு. ஜூலை 9 சனம் ஜனாதிபதி மாளிகைக்குள் புகுந்தது. 13ஆம் திகதி விடியமுதல் கோட்டாபய விமானப்படை விமானத்தில் மாலைதீவுக்குப் போனார். இந்தியாதான் தப்ப வைத்தது என்றும் கதை, இந்தியன் ஆமி வரப்போகிறது என்றும் கதை. இரண்டையும் இந்தியத் தூதரகம் மறுத்து அறிக்கை விட வேண்டி வந்தது. அரகலய என்ற அந்த மக்கள் போராட்டத்தை டெல்லி தொடங்கவும் இல்லை, நிறுத்தவும் இல்லை. அடுத்த மாதம், ஓகஸ்ட் 16, சீனாவின் யுவான் வாங் 5 என்ற விண்வெளிக் கண்காணிப்புக் கப்பல் அம்பாந்தோட்டைக்கு வந்து நின்றது. இந்தியா வேண்டாம் என்று சொல்லியும் வந்தது. 400 கோடி டொலர் தந்த அதே வருடத்தில்.

இதில் தமிழ்நாட்டு உறவுகளுக்கு ஒன்று சொல்ல வேண்டும். டெல்லி ஒரு சொல் சொன்னால் எங்கள் பிரச்சினை தீரும் என்று நீங்கள் நம்புகிறீர்கள், நாங்களும் ஒரு காலம் நம்பினோம். 1987இல் இந்தியாவும் இலங்கையும் ஒப்பந்தம் போட்டு, மாகாண சபைகளுக்கு அதிகாரம் தர அரசியல் சாசனத்தில் 13ஆம் திருத்தம் கொண்டுவந்தார்கள். காணி, பொலிஸ் அதிகாரம் இன்றுவரை மாகாணத்துக்கு வரவில்லை. வடமாகாண சபையின் காலம் 2018இல் முடிந்தது, அதன்பிறகு தேர்தலே இல்லை. ஒவ்வொரு சந்திப்பிலும் டெல்லி கேட்கும், கொழும்பு தலையாட்டும். இதை எழுதும்போது எனக்குக் கை நடுங்குகிறது, ஏனென்றால் அந்த நம்பிக்கையில் ஒரு தலைமுறை காத்திருந்தது.

நாகர்கோவில் சிஸ்டர்

வடமராட்சி அக்கா எழுதியதைப் படித்ததும் மாலத்தீவுத் தலைநகர் மாலே ஞாபகம் வந்தது. அங்கே நர்ஸாக இருந்தேன். 2018 பிப்ரவரி 5 அன்று அதிபர் யாமீன் நெருக்கடி நிலை அறிவித்து, தலைமை நீதிபதியையே கைது செய்தார். முன்னாள் அதிபர் நஷீத், இந்தியா படை பலத்தோடு ஒரு தூதரை அனுப்ப வேண்டும் என்று வெளிப்படையாகக் கேட்டார். வார்டில் என்னிடம் எல்லோரும் கேட்ட கேள்வி, உங்கள் ஆட்கள் வருவார்களா என்பதுதான். சிலர் ஆசையோடு, சிலர் பயத்தோடு. இந்தியா வரவில்லை. செப்டம்பரில் யாமீனை ஓட்டுப் போட்டுத் தோற்கடித்தது அந்த ஊர் மக்கள். படை வந்திருந்தால் அவரே தேசத்தைக் காப்பவராக நின்று ஜெயித்திருப்பார் என்று அங்கே பலர் சொன்னார்கள், நானும் அப்படித்தான் நினைக்கிறேன்.

முன்னாள் சிப்பாய்

சிஸ்டர், 1988இல் மாலத்தீவுக்குப் படை போனதே என்று யாராவது கேட்பார்கள், அதனால் எழுதுகிறேன். நவம்பர் 3 இரவு ஆக்ராவில் இருந்து பாராசூட் படையை ஏற்றிக்கொண்டு விமானம் கிளம்பியபோது நான் அந்தத் தளத்தில் பணியில் இருந்தேன். மாலத்தீவில் புகுந்தவர்கள் இலங்கையிலிருந்து கூலிக்கு வந்த புளொட் என்ற தமிழ் ஆயுதக் குழுவின் ஆட்கள். அதிபர் கயூம் தானே உதவி கேட்டார். மக்கள் யாரும் எதிராகத் தெருவில் இல்லை. அதனால்தான் மாலே ஒரே இரவில் மீண்டது.

அதே நேரத்தில் யாழ்ப்பாணத்தில் அமைதிப் படையில் இருந்த என் நண்பர்களுக்கு அப்படி இல்லை. இரண்டு அரசுகள் கையெழுத்துப் போட்டுத்தான் போனார்கள். தமிழரும் வேண்டாம் என்றார்கள், சிங்களரும் வேண்டாம் என்றார்கள், கடைசியில் அதிபர் பிரேமதாசாவே கிளம்பச் சொன்னார். ஏறக்குறைய 1,200 வீரர்களை இழந்து 1990 மார்ச்சில் திரும்பினோம். வடமராட்சி அம்மா, உங்கள் ஊர் மக்கள் பட்டதும் எனக்குத் தெரியும். இரண்டு பக்கத்து வலியையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்: படை எவ்வளவு பெரியது என்பது அங்கே ஒன்றுக்கும் உதவவில்லை.

சிவகங்கைக்காரன்

எல்லோருக்கும் நன்றி. ஒரு சேர்ப்பு. 2025 செப்டம்பரில் காத்மாண்டுவில் இளைஞர்கள் எழுந்தபோது தீதி வீட்டுக்குப் போன் செய்தேன். சமூக ஊடகத் தடை, ஊழல், முதல் நாளில் சுடப்பட்ட 19 பேர், இதைத்தான் பேசினார்கள். மறுநாளே பிரதமர் ஒலி பதவி விலகினார், சில நாளில் முன்னாள் தலைமை நீதிபதி சுசீலா கார்கி இடைக்காலப் பிரதமரானார். அந்தப் பேச்சில் இந்தியா என்ற பெயர் ஒரு முறைகூட வரவில்லை. மியான்மர் எல்லையை அறிந்தவர்கள் யாராவது இருந்தால் எழுதுங்கள், முக்கியமாக மணிப்பூரின் எல்லை ஊரான மோரேயில் வாழும் தமிழர்கள்.

மோரே பேரன்

இருக்கிறேன் அண்ணா. தாத்தா காலத்தில் பர்மாவிலிருந்து வந்து, திரும்பப் போக முயன்று எல்லையில் தங்கிவிட்ட குடும்பம் எங்களுடையது. அங்காள பரமேஸ்வரி கோயிலும் தமிழ்ச் சங்கமும் இன்றும் இருக்கின்றன. எல்லைக் கேட்டைத் தாண்டினால் மியான்மரின் தமு, எங்கள் பிழைப்பே அங்கேதான் இருந்தது. 2021 பிப்ரவரி 1 ராணுவப் புரட்சிக்குப் பிறகு டெல்லி மியான்மர் தலைநகர் நேபிடாவில் இருக்கும் தளபதிகளோடு தொடர்பை விடவில்லை. ஆனால் எங்கள் கேட்டுக்கு அந்தப் பக்கம் அந்தத் தளபதிகளின் பேச்சே முழுதாகச் செல்லவில்லை. ஒரு சாலையில் ராணுவம், அடுத்த கிராமத்தில் எதிர்ப்புப் படை. 2022 ஜூலையில் எங்கள் ஊர்த் தமிழர் இருவர் தமுவுக்குப் போன இடத்தில் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். ராணுவ ஆதரவுக் குழுதான் சுட்டது என்று இங்கே எல்லோரும் சொன்னோம். இங்கிருந்து கேள்வி கேட்டால் பதில் சொல்ல அந்தப் பக்கம் யார் இருக்கிறார்கள் என்றே எங்களுக்குப் புரியவில்லை. அந்தக் குடும்பங்கள் இங்கேதான் இருக்கின்றன. வணிகம் படுத்துவிட்டதால் பிள்ளைகளைச் சென்னைக்கு அனுப்புகிறோம்.