தம்போரா எரிமலைக்கு 51 வயதில் போகலாமா?

தக்கலை தபால்காரன்:
வணக்கம். அகத்தியமலைக்கு போனக்காடு வழியாக ஒருமுறை போய் வந்திருக்கிறேன். பொங்கலப்பாறையில் இறங்கும்போது வலது முட்டி தகராறு செய்தது. மற்றபடி சர்க்கரை, பிரஷர் ஒன்றும் கிடையாது. இந்தோனேசியாவில் 1815ல் வெடித்த தம்போரா எரிமலையைப் பற்றிப் படித்த நாளில் இருந்து அதன் விளிம்பில் ஒருநாள் நிற்க வேண்டும் என்று ஒரு கிறுக்கு. வழிகாட்டி, சுமைதூக்கி, கூடாரம், சாப்பாடு எல்லாம் சேர்த்து மூன்று நாள் என்கிறது அங்குள்ள ஓர் ஏஜென்சி. தொகையைக் கேட்டதும் வீட்டுக்காரி, "அந்தப் பைசாவுக்கு மாடிக்கு ஓடு போடலாம்" என்கிறாள். காட்டு வழி, ஜீப் வழி என்று இரண்டு இருக்கிறதாம். போனவர்கள் யாராவது உண்டா?

குளச்சல் கடற்கரை:
அண்ணாச்சி, 2004 டிசம்பர் 26 சுனாமியைப் பார்த்த ஊர்க்காரன் நான். இந்தோனேசியா என்றாலே வயிறு கலங்கும். திரும்ப வெடித்தால் எங்கே ஓடுவீர்கள்?

மார்த்தாண்டம் தேன்காரன்:
குளச்சல் தம்பி, 2004ல் வந்தது சுமத்ரா பக்கத்துக் கடலடி நிலநடுக்கம். அதற்கும் இந்த மலைக்கும் சம்பந்தமில்லை. ஆனால் பயம் நியாயம்தான். 2011ல்கூட தம்போராவுக்கு எச்சரிக்கையை மூன்றாம் நிலைக்கு ஏற்றினார்கள். மொத்தம் நான்கு நிலை, முதல் நிலைதான் சாதாரணம். அந்நாட்டு அரசின் மாக்மா இந்தோனேசியா இணையதளத்தில் தினமும் பார்க்கலாம். முதல் நிலையில் இல்லை என்றால் டிக்கெட் போனாலும் பரவாயில்லை, போகாதீர்கள்.

தக்கலை அண்ணே, நான் ஆகஸ்டில் போய் வந்தேன், காட்டு வழியில். பாலியில் இருந்து சின்ன விமானத்தில் பீமா, அங்கிருந்து காரில் அரை நாள். கடைசி ஊரின் பெயர் பஞ்சசீலா, சுற்றிலும் காப்பித் தோட்டம். வழிகாட்டி வீட்டில் முதல் நாள் ராத்திரி அவித்த மரச்சீனியும் மிளகாய்த் துவையலும் வைத்தார்கள். இத்தனை தூரம் வந்து நம்ம வீட்டுச் சாப்பாடா என்று சிரிப்பு வந்தது. மீன்கறிதான் குறை.

காடு கீரிப்பாறை மாதிரியே. அட்டை உண்டு, உப்பும் புகையிலையும் எடுத்துக்கொள்ளுங்கள். வழியில் தங்குமிடங்களை போஸ்ட் என்கிறார்கள்; மூன்றாவது போஸ்ட்டில்தான் கூடாரம், தண்ணீரும் அங்கே உண்டு. அதற்கு மேலேதான் வில்லங்கம்: வழி முழுக்க செந்தட்டி, பட்டால் அரிக்கிற செடி. நம்மூர் செந்தட்டி இதன் முன்னால் பச்சைப்பிள்ளை. நான் அரைக்கை சட்டையோடு போய் இரண்டு நாள் சொறிந்தேன். நள்ளிரவு தாண்டி இரண்டு மணிக்குக் கிளம்பினோம். மரம் குறைந்து மணலும் சாம்பலுமாக வந்தபோது விடிந்துவிட்டது.

விளிம்பில் நின்றால் பேச்சு வராது. பள்ளத்தின் அகலம் 6 கிலோமீட்டர். நாகர்கோவிலில் நின்று சுசீந்திரம் கோபுரத்தைப் பார்க்கிற தூரம் என்று வையுங்கள். ஆழம் 600 மீட்டருக்கு மேல். வெடிப்பதற்கு முன் மலை ஏறக்குறைய 4,300 மீட்டர் இருந்ததாகக் கணக்கு, இப்போது 2,850. அகத்தியமலையின் உயரத்தில் முக்கால் பங்கு அளவுக்கு மலை 1815 ஏப்ரல் மாதத்துச் சில நாட்களில் காணாமல் போயிற்று. அடிவாரத்தில் இருந்த தம்போரா ராஜ்ஜியமும் போயிற்று. 2004ல் தோண்டியபோது மூன்று மீட்டர் சாம்பலுக்கடியில் கரியாகிப்போன ஒரு வீடும் அதற்குள் இரண்டு பேரும் கிடைத்தார்கள். வெடித்ததற்கு அடுத்த வருடம் ஐரோப்பாவில் கோடையே வரவில்லை. இதெல்லாம் நீங்கள் படித்திருப்பீர்கள். ஆனால் கீழே அந்தப் பள்ளத்தின் அடியில் புகைகிற குட்டி மலையைப் பார்த்தபோதுதான் எனக்கு உறைத்தது. அதன் பெயர் டோரோ ஆப்பி தோய், சின்ன நெருப்பு மலை என்று அர்த்தமாம். உள்ளே இறங்கும் பயணமும் தருகிறோம் என்று ஏஜென்சி சொன்னால் கும்பிடு போட்டுவிடுங்கள். சரிந்து விழுகிற சுவர் அது.

இனி உங்கள் முட்டி. ஏறும்போது ஒன்றும் ஆகாது. அன்றே மூன்றாவது போஸ்ட் வரை இறங்கி, மறுநாள் ஊர்வரை இறங்க வேண்டும். என் கூட வந்த 34 வயதுக்காரன் அங்கேதான் அழுதான். இப்போதிருந்தே மருத்துவாழ்மலைக்கு வாரம் இரண்டு தடவை போங்கள், எட்டு கிலோ தண்ணீரை முதுகில் வைத்து. உச்சியில் தண்ணீரைக் கொட்டாமல் அதே எடையோடு இறங்குங்கள். மூன்று மாதம் கழித்தும் வலித்தால் ஜீப் வழி. டோரோ என்சங்கா புல்வெளியில் இருந்து பாதி மலைக்கு மேல் ஜீப் ஏறும், அப்புறம் சில மணி நேர நடை. விளிம்பு கிடைக்கும், 2,850 மீட்டர் உச்சி கிடைக்காது. உங்களுக்கு வேண்டியது விளிம்புதானே? முன்பணம் முழுவதையும் கொடுக்காதீர்கள். நான் கொடுத்தேன். தூக்கப்பை தருவோம் என்றவர்கள் ஒரு போர்வையைத் தந்தார்கள்.

தக்கலை தபால்காரன்:
ரொம்ப நன்றி. விசா?

மார்த்தாண்டம் தேன்காரன்:
விமான நிலையத்திலேயே, 30 நாளுக்கு. ஐந்து லட்சம் என்று சொல்வார்கள், மயங்கி விழாதீர்கள். அது ரூபியா.

தக்கலை தபால்காரன்:
ஜீப் என்று சத்தமாக வாசித்துவிட்டேன். அப்படியானால் அவளும் வருகிறாளாம். ஓட்டுப் பேச்சையே காணோம்.

மார்த்தாண்டம் தேன்காரன்:
மே முதல் செப்டம்பருக்குள் வையுங்கள், அதற்கப்புறம் மழை. மதினிக்கு முழுக்கை சட்டையும் கம்பளித் தொப்பியும் இங்கேயே வாங்கிவிடுங்கள். விடியற்காலையில் பல் கிட்டும்.