டோரிகோவில் பெர்குஷன் ஒலிகள் இடம் மாறிக் கேட்கின்றன

கேள்வி:
டோரிகோ என்ற இசைக்குறிப்பு எழுதும் மென்பொருளில் ஒரு ஆர்க்கெஸ்ட்ரா ஸ்கோர் எழுதிக்கொண்டிருக்கிறேன். வயலின், புல்லாங்குழல் எல்லாம் சரி, ஆனால் தாள வாத்தியங்களுக்கு வேறு சாம்பிள் லைப்ரரியை (பதிவு செய்த வாத்திய ஒலிகளின் தொகுப்பை) ஏற்றியதிலிருந்து ஸ்னேர் எழுதிய இடத்தில் சிம்பல் கேட்கிறது, ட்ரையாங்கிள் சத்தமே இல்லை. எங்கே மாற்றுவது?

பதில் 1:
ஸ்கோரில் நீங்கள் எழுதும் ஸ்வரத்தை லைப்ரரியின் மிடி எண்ணோடு, அதாவது அந்த ஒலி உட்கார்ந்திருக்கும் விசையின் எண்ணோடு, இணைப்பது பெர்குஷன் மேப்தான் நண்பரே. ஜெனரல் மிடி என்ற பொதுத் தரத்தில் ஸ்னேர் 38, கிராஷ் சிம்பல் 49, திறந்த ட்ரையாங்கிள் 81. ஆர்க்கெஸ்ட்ரா லைப்ரரிகள் பலவும் இந்த வரிசையைப் பின்பற்றுவதில்லை. கையேட்டில் உள்ள விசைப் பட்டியலைத் திறந்து வைத்துக்கொண்டு, லைப்ரரி மெனுவில் புது மேப் உருவாக்கி, ஒவ்வொரு எண்ணுக்கும் வாத்தியத்தையும் வாசிப்பு முறையையும் கொடுங்கள். அப்புறம் வாத்தியங்களை ஒலிச் சேனல்களோடு இணைக்கும் எண்ட்பாயிண்ட் செட்டப்பில் அந்த சேனலுக்கு இந்த மேப்பைத் தேர்ந்தெடுக்க வேண்டும், பலர் இதைத்தான் விட்டுவிடுகிறார்கள்.

பதில் 2:
மிடி 60-ஐ சில நிறுவனங்கள் ஸி3 என்கின்றன, சில ஸி4 என்கின்றன. எழுத்துப் பெயரை நம்பினால் ஒரு ஆக்டேவ் தள்ளிப்போகும், எண்ணைப் பார்த்தே நிரப்புங்கள். ரோலுக்கு (விடாமல் வேகமாக அடிக்கும் உருட்டலுக்கு) தனி சாம்பிள் இருந்தால் மேப்பில் அதைக் குறிக்கும் ட்ரெமோலோ கோடுகளையும் அதோடு சேர்த்துவிடுங்கள், இல்லையென்றால் ஒற்றை அடியே திரும்பத் திரும்ப ஒலித்து இயந்திரத் துப்பாக்கி மாதிரி இருக்கும், அதை என்னால் சகிக்கவே முடியாது.

கேட்டவர்:
ஸ்னேர் சரியாகிவிட்டது, மிக்க நன்றி! டிம்பனியும் இதே மேப்பிலா?

பதில் 1:
இல்லை, டிம்பனி சுருதியுள்ள வாத்தியம், அதற்கு வாசிப்பு முறைகளை லைப்ரரியின் ஒலிகளோடு இணைக்கும் எக்ஸ்பிரஷன் மேப்.