மான்சாவில் இடம் மாற்றியது சரியா? ஒரே டீமுக்குள் இரண்டு பேர் சாம்பியன்ஷிப்புக்கு மோதும்போது டீம் என்ன செய்ய வேண்டும்?

கடைசிச்சுற்று:

மூன்று வருடமாகத்தான் ஃபார்முலா 1 பார்க்கிறேன். பழைய கதைகள் அதிகம் தெரியாது. 2025 சீசன் முழுக்க நான் மெக்லாரன் டீமின் பியாஸ்ட்ரி பக்கம். ஸாண்ட்ஃபோர்ட்டில் அவர் ஜெயித்து, எண்ணெய்க் கசிவால் அவருடைய டீம்மேட் நாரிஸின் கார் நின்றுபோன அன்று இருவருக்கும் இடையே 34 புள்ளி இருந்தது. இனி இவர்தான் சாம்பியன் என்று முடிவே கட்டிவிட்டேன். கடைசியில் நாரிஸ் 423, ரெட் புல் டீமின் வெர்ஸ்டாப்பன் 421, பியாஸ்ட்ரி 410.

மனதை விட்டுப் போகாமல் இருப்பது அடுத்து வந்த மான்சா பந்தயம். செப்டம்பர் 7. வெர்ஸ்டாப்பன் முதலில், நாரிஸ் இரண்டாவது, பியாஸ்ட்ரி மூன்றாவது என்று ஓடிக்கொண்டிருக்கிறார்கள். புது டயர் மாட்ட முன்னால் இருப்பவரைத்தானே முதலில் பிட்டுக்கு அழைப்பார்கள், முதலில் மாட்டியவருக்கு வேகம் கூடுமே? மெக்லாரன் பியாஸ்ட்ரியை முதலில் அழைத்தது. அடுத்த சுற்றில் நாரிஸ் வந்தபோது ஒரு சக்கரம் சரியாக மாட்டாமல் நேரம் போய்விட்டது. வெளியே வந்தால் பியாஸ்ட்ரி முன்னால். உடனே ரேடியோவில், இடத்தைத் திருப்பிக் கொடு என்கிறார்கள். பிட் ஸ்டாப் தாமதமாவது பந்தயத்தின் ஒரு பகுதி என்றுதானே பேசினோம், இப்போது என்ன மாறிவிட்டது என்று பியாஸ்ட்ரி கேட்டார். கேட்டுவிட்டு விட்டும் கொடுத்தார்.

இரண்டாம் இடத்துக்கு 18 புள்ளி, மூன்றாம் இடத்துக்கு 15. அந்த மூன்று புள்ளியை எடுத்துவிட்டால் நாரிஸுக்கு 420, வெர்ஸ்டாப்பனுக்கு 421. மற்ற பந்தயங்கள் அப்படியே நடந்திருக்கும் என்று சொல்ல முடியாதுதான். ஆனாலும் இந்தக் கணக்கு என்னைத் தூங்க விடவில்லை. டீம் செய்தது சரியா? ஒரு சீசன் முழுக்க இரண்டு பேரையும் மோத விட்டு, உறவும் கெடாமல் பார்த்துக்கொள்ள வழி உண்டா?


பிட்லேன்:

வழி ஒன்றுதான். சீசன் தொடங்கும்போதே யார் நம்பர் ஒன் என்று சொல்லிவிட வேண்டும். ஃபெராரி ஷூமாக்கர் காலத்தில் அப்படித்தான் செய்தது. 2002 ஆஸ்திரியாவில் அவருடைய டீம்மேட் பாரிக்கெல்லோவைக் கடைசி நேரத்தில் வேகம் குறைக்கச் சொல்லி ஷூமாக்கரை ஜெயிக்க வைத்தார்கள். மேடையிலேயே கூச்சல் எழுந்தது, டீம் ஆர்டருக்கு, அதாவது யார் முன்னால் முடிக்க வேண்டும் என்று டீமே சொல்வதற்கு, தடை வந்தது, பிறகு 2010 சீசனோடு அந்தத் தடையையும் எடுத்துவிட்டார்கள். ரசிகர்களுக்குப் பிடிக்காது, தெரியும். ஆனால் பட்டம் வந்தது. 2025ல் மெக்லாரன் இரண்டு பேரையும் சமமாக நடத்தப் போய், பட்டத்தைக் கோட்டை விட்டிருக்கும், இரண்டு புள்ளியில்தான் தப்பியது.


பழையகார்ட்:

பிட்லேன் சொல்வதில் கணக்கு சரி. ஆனால் பாரிக்கெல்லோ அன்று ஓட்டிய ஓட்டத்தைப் பார்த்தவன் நான். அந்த வழியை யாருக்கும் பரிந்துரைக்க மனம் வரவில்லை.

தம்பி, முப்பது வருடத்துக்கு மேலாகப் பந்தயம் பார்க்கிறேன். இளவயதில் நாலு சீசன் கார்ட் (சின்னப் பந்தய வண்டி) ஓட்டியும் இருக்கிறேன். இத்தனை வருடத்தில் எனக்குப் புரிந்தது இதுதான்: டீம்மேட்டுகள் முட்டிக்கொள்வதால் பிரிவது குறைவு. அவர்களுக்குள் முன்கூட்டியே ஒரு பேச்சு இருக்கும். அதை ஒருவர் ஒரு மாதிரியும் மற்றவர் வேறு மாதிரியும் புரிந்துகொண்டிருப்பார்கள். அங்கேதான் விரிசல் விழுகிறது.

1989 இமோலா பந்தயத்தை எடுங்கள். செனாவும் பிரோஸ்டும் ஒரே மெக்லாரனில். முந்தைய வருடம் 16 பந்தயத்தில் 15ஐ இவர்களே பங்கு போட்டவர்கள், செனா 8, பிரோஸ்ட் 7. அத்தனை பலம் இருந்ததால், தொடக்கத்தில் யார் முந்துகிறாரோ அவரை முதல் வளைவில் மற்றவர் தாக்கக் கூடாது என்று பேசிக்கொண்டார்கள். முதல் தொடக்கத்தில் செனா முந்தினார், பிரோஸ்ட் வாக்கைக் காப்பாற்றினார். நாலாவது சுற்றில் பெர்கரின் ஃபெராரி தீப்பிடித்து, பந்தயத்தை நிறுத்தி மறுபடி தொடங்கினார்கள். இந்த முறை முந்தியது பிரோஸ்ட். டோசா வளைவில் செனா அவரைக் கடந்துபோய்விட்டார். ஒப்பந்தம் தொடக்கத்துக்குத்தான், மறுதொடக்கத்துக்கு இல்லை என்பது செனா பக்க நியாயம். பிரோஸ்ட் அதற்குப் பிறகு அவரை நம்பவே இல்லை. அக்டோபரில் சுசூகாவில் இரண்டு காரும் பூட்டிக்கொண்டு நின்றதை எல்லோரும் பேசுகிறார்கள். எனக்கு அது ஏப்ரலிலேயே நடந்து முடிந்த ஒன்று.

அதே இமோலா, அதே டோசா வளைவு, 1982. ஃபெராரி இரண்டும் முன்னால், எதிராளி யாரும் பக்கத்தில் இல்லை. பிட்டிலிருந்து மெதுவாக ஓட்டச் சொல்லிப் பலகை காட்டினார்கள். இப்போதிருக்கும் வரிசையிலேயே முடிக்க வேண்டும் என்று வில்னூவ் எடுத்துக்கொண்டார். இயந்திரத்தைக் காப்பாற்று, அவ்வளவுதான் என்று பிரோனி எடுத்துக்கொண்டார். கடைசிச் சுற்றில் பிரோனி கடந்துபோய் ஜெயித்தார். 13 நாள் கழித்து ஸோல்டரில் தகுதிச் சுற்றின்போது வில்னூவ் விபத்தில் இறந்தார். அந்த இரண்டு வாரமும் அவர் பிரோனியோடு பேசவில்லை. பலகையில் இருந்தது ஒரே ஒரு சொல்.

2007 ஹங்கேரியும் இதே ரகம். அந்தக் காலத்தில் கடைசித் தகுதிச் சுற்றில் பந்தயத்துக்கான எரிபொருளோடுதான் ஓட வேண்டும். முதலில் வெளியே போகிறவருக்கு ஒரு சுற்று கூடுதலாகக் கிடைக்கும், கார் அந்த அளவு லேசாகும். அந்த வாய்ப்பை மெக்லாரனில் மாற்றி மாற்றிக் கொடுத்தார்கள். அன்று முறை அலோன்சோவுக்கு. முன்னால் போன ஹாமில்டன் வழி விடச் சொல்லியும் விடவில்லை. பிறகு அலோன்சோ டயர் மாற்றி முடிந்தும் பிட்டில் அசையாமல் நின்றார். பின்னால் காத்திருந்த ஹாமில்டனுக்குக் கடைசிச் சுற்று ஓட நேரமில்லாமல் போனது. அலோன்சோவை ஐந்து இடம் பின்னால் தள்ளினார்கள். அந்தப் பந்தயத்தில் டீமுக்கான புள்ளியும் போனது. வருடக் கடைசியில் இருவருக்கும் ஆளுக்கு 109, ஃபெராரியின் ராய்க்கனனுக்கு 110, பட்டம் அவருக்கு.

இப்போது மான்சாவுக்கு வருகிறேன். அன்று இரண்டு பேச்சு இருந்தது. பிட் ஸ்டாப் தாமதமானால் அது அவரவர் அதிர்ஷ்டம் என்பது ஒன்று. பியாஸ்ட்ரி பிடித்துக்கொண்டது அதை. முதலில் பிட்டுக்குப் போகும் உரிமையை விட்டுக்கொடுத்தால் இடம் போகாது என்று நாரிஸுக்குச் சொன்னது இன்னொன்று. இரண்டும் உண்மை. ஒரு சக்கரம் மாட்டாமல் நின்ற அந்தச் சில நொடியில் இரண்டும் ஒன்றையொன்று இடித்துக்கொண்டன. நாரிஸ் தன் முறையை விட்டுக்கொடுத்தது அந்த உறுதியை நம்பித்தான். அதனால் திருப்பிக் கொடுக்கச் சொன்னது சரி என்றுதான் நான் நினைக்கிறேன். ஆனால் அப்படி ஒரு உறுதியைப் பந்தயத்தின் நடுவே கொடுத்திருக்கவே கூடாது.

2024 ஹங்கேரியையும் சேர்த்துப் பாருங்கள். அங்கே முதலில் பிட்டுக்குப் போய் முன்னால் வந்தது நாரிஸ். பல சுற்று ரேடியோவில் கெஞ்சிக் கேட்ட பிறகு திருப்பிக் கொடுத்தார். பியாஸ்ட்ரிக்கு அது முதல் வெற்றி. நியாயம் என்று ஒரு முறை கணக்கு எழுத ஆரம்பித்தால் அடுத்த முறை பழைய பக்கத்தைப் புரட்டாமல் இருக்க முடியாது.

இதை நான் வெளியிலிருந்து மட்டும் சொல்லவில்லை. எங்கள் டீமில் இரண்டு கார்ட், ஒரு மெக்கானிக், ஒரு லேப்டாப். என் டீம்மேட் நல்ல நண்பன். எங்களுக்குள் ஒரே ஒப்பந்தம், யார் என்ன மாற்றம் செய்தாலும் மற்றவனிடம் சொல்லிவிட வேண்டும். டயர் காற்றழுத்தம், சீட் வைத்திருக்கும் இடம், பின் ஸ்ப்ராக்கெட்டின் (சங்கிலி ஓடும் பற்சக்கரத்தின்) பல் எண்ணிக்கை, எல்லாம். மூன்றாவது சீசனில் ஐந்தாவது பந்தயத்துக்குப் போகும்போது அவன் என்னைவிட இரண்டு புள்ளி முன்னால். அன்று காலை நான் 82 பல் மாட்டினேன். மெதுவான வளைவிலிருந்து வெளியே வரும்போது இழுவை கொஞ்சம் கூடும். அவன் ஹெல்மெட்டைக் கையில் பிடித்தபடி வந்து எத்தனை பல் என்று கேட்டான். 81 என்றேன்.

நான் ஜெயித்தேன். அவன் மூன்றாவதாக வந்தான். அந்தக் கோப்பை இன்னும் வீட்டில் இருக்கிறது, யாரிடமும் எடுத்துக் காட்டியதில்லை. அவனோடு பக்கத்துக்குப் பக்கம் சக்கரம் உரசி எத்தனையோ முறை ஓட்டியிருக்கிறேன். ஒரு முறை அவன் என்னை மண்ணுக்குள்ளேயே தள்ளியிருக்கிறான், மாலையில் சேர்ந்து கார்ட்டைக் கழுவினோம். எங்களைப் பிரித்தது அந்த ஒரு பல்தான்.

அதனால் உங்கள் இரண்டாவது கேள்விக்கு என் பதில்: ஒப்பந்தம் எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது. முட்டிக்கொள்ளக் கூடாது என்று மட்டும் சொல்லுங்கள். முன்னால் இருப்பவருக்கு முதல் பிட் ஸ்டாப், அதில் மாற்றமே இல்லை என்று சொல்லுங்கள். மீதியை ஓட்டுகிறவர்களிடம் விட்டுவிடுங்கள்.


கடைசிச்சுற்று:

இவ்வளவு விரிவாக எழுதியதற்கு நன்றி அண்ணா. மான்சாவில் இரண்டு பேச்சு இருந்தது என்ற கோணத்தில் நான் பார்க்கவே இல்லை. ஆனால் ஒரு சந்தேகம். 2016ல் மெர்சிடிஸ் டீமின் ஹாமில்டனும் ரோஸ்பெர்க்கும் பார்சிலோனாவில் முதல் சுற்றிலேயே மோதி இருவருமே வெளியே போனார்களே? அதில் ஒப்பந்தம் ஒன்றும் இல்லையே, வெறும் மோதல்தானே?


பழையகார்ட்:

நல்ல கேள்வி. அது நான் சொன்னதற்குள் அடங்காது, ஒத்துக்கொள்கிறேன். ரோஸ்பெர்க்கின் கார் தவறான இயந்திர அமைப்பில் இருந்ததால் மூன்றாவது வளைவிலிருந்து மெதுவாக வந்தது. ஹாமில்டன் வலப்பக்கம் இடைவெளி பார்த்தார், ரோஸ்பெர்க் அதை மூடினார், புல்லில் ஏறிய ஹாமில்டனின் கார் திரும்பி வந்து ரோஸ்பெர்க்கையும் சேர்த்து இழுத்துப்போனது. 18 வயது வெர்ஸ்டாப்பன் ரெட் புல்லில் தன் முதல் பந்தயத்தையே ஜெயித்தார். சிறுவயதில் ஒரே கார்ட் டீமில் ஒன்றாக வளர்ந்த இருவர் அப்படி ஆனார்கள் என்பதுதான் எனக்கு அதில் வலி. அபுதாபி கடைசிப் பந்தயத்தில் வேகத்தைக் கூட்டச் சொல்லியும் ஹாமில்டன் கேட்கவில்லை, ரோஸ்பெர்க்கைப் பின்னால் வருகிறவர்களிடம் மாட்டிவிடப் பார்த்தார். முடிவு 385க்கு 380. பட்டம் வாங்கிய ஐந்தாவது நாள் ரோஸ்பெர்க் ஓய்வை அறிவித்துவிட்டார். அந்த ஒரு வருடம் அவரிடமிருந்து எவ்வளவு எடுத்திருக்கும் என்று அன்று புரிந்தது.

மறுபக்கமும் ஒன்று சொல்கிறேன். 1984ல் இதே மெக்லாரனில் லாடாவுக்கு 72, பிரோஸ்டுக்கு 71.5. வரலாற்றிலேயே இவ்வளவு சின்ன வித்தியாசம் கிடையாது. மழையால் பாதியில் நின்ற மொனாக்கோவை ஜெயித்த பிரோஸ்டுக்குக் கிடைத்தது பாதிப் புள்ளி, 4.5. வருடத்தில் அவர் 7 பந்தயம் ஜெயித்தார், லாடா 5. கடைசிப் பந்தயம், போர்ச்சுகலில் எஸ்டோரில் களம். பிரோஸ்ட் ஜெயிக்கிறார், 11வது இடத்திலிருந்து தொடங்கிய லாடா இரண்டாவதாக வந்து பட்டத்தை எடுத்துக்கொள்கிறார். அரைப் புள்ளி! அதற்குப் பிறகும் அவர்கள் நட்பு கெடவில்லை. தகுதிச் சுற்றில் இந்தப் பையனை வெல்ல முடியாது என்று லாடா சீக்கிரமே புரிந்துகொண்டு, தன் நேரத்தையெல்லாம் பந்தயத்துக்கான அமைப்பில் போட்டார். பிரோஸ்ட் அதைப் பக்கத்திலிருந்து பார்த்துக் கற்றுக்கொண்டார். அடுத்த வருடம் பிரோஸ்ட் சாம்பியன்.


பிட்லேன்:

லாடா, பிரோஸ்ட் உதாரணம் எனக்கும் பிடித்தது. ஆனால் ஒருவர் ஓய்வை நெருங்குகிறவர், ஒருவர் வளர்கிறவர். நாரிஸ், பியாஸ்ட்ரி இருவருக்கும் கிட்டத்தட்ட ஒரே வயது, ஒரே பசி. அதனால் என் கருத்தில் மாற்றமில்லை. சரி, அந்த 82 பல் கதை என்ன ஆனது? நண்பரிடம் பிறகு சொன்னீர்களா?


பழையகார்ட்:

ஆறு வருடம் கழித்துச் சொன்னேன். அவன் பந்தயத்தை விட்டிருந்தான், பழைய சாமான்களை விற்கப்போகிறேன், ஏதாவது வேண்டுமா என்று கேட்டு அழைத்தான். அந்தப் பேச்சின் நடுவில் சொல்லிவிட்டேன்.

கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், அன்று மாலையே தெரியும் என்றான். லேப்டாப்பில் இரண்டு பேருடைய ஓட்டப் பதிவு வரைபடத்தையும் ஒன்றின் மேல் ஒன்று வைத்துப் பார்த்திருக்கிறான். நேர்ப்பாதையில் ஒரே வேகத்தில் போகும்போது என் இயந்திரம் மட்டும் கூடுதலாகச் சுழன்றிருக்கிறது. பல் எண்ணிக்கை வேறாக இருந்தால்தான் அப்படி வரும். மெக்கானிக்கிடம்கூட அவன் சொல்லவில்லை. அடுத்த பந்தயத்திலிருந்து என்னிடம் எதையும் கேட்கவில்லை, அவ்வளவுதான். அவன் கேட்பதை நிறுத்தியதை நான் அன்று கவனிக்கவே இல்லை.