நோஸ் ஹை அப்செட்: முதலில் பவரா, புஷ்ஷா?

மீனம்பாக்கம்07
செஸ்னா 172 குட்டி விமானத்தில் ஸ்டால் ரெகவரி (இறக்கை தூக்குவிசை இழந்த நிலையிலிருந்து மீள்வது) என்றால் முழு த்ராட்டில், உயரம் அதிகம் இழக்கக் கூடாது என்றுதான் சொல்லித் தந்தார்கள். இப்போது ஏ320 ஜெட்டை ஓட்டும் தகுதிக்கான பயிற்சி, அதாவது டைப் ரேட்டிங். சிமுலேட்டரில் நோஸ் ஹை அப்செட், அதாவது மூக்கு அளவுக்கு மீறி ஏறிப்போன நிலை: மூக்கு 35 டிகிரி மேலே, வேகம் சரிகிறது. பவரைத் தொடாதே, முதலில் ஸ்டிக்கை முன்னே தள்ளு என்கிறார்கள். ஏன் சார்? தள்ளியும் மூக்கு இறங்கவில்லை என்றால்?

ஸ்டிக் ஷேக்கர்
தம்பி, இறக்கை ஸ்டால் ஆவது ஆங்கிள் ஆஃப் அட்டாக் (எதிர்க்காற்றுக்கும் இறக்கைக்கும் உள்ள கோணம்) கூடிப்போவதால். அதைக் குறைக்க, ஸ்டிக்கால் இயங்கும் வால் பலகையான எலிவேட்டர்தான் வழி. என்ஜின் இறக்கைக்குக் கீழே தொங்கும் விமானத்தில் டோகா (டேக் ஆஃபுக்கான முழு பவர்) வைத்தால் மூக்கு இன்னும் மேலேதான் போகும். குறைந்த வேகத்தில் அதை அடக்க எலிவேட்டருக்குத் தெம்பு பத்தாமல் போகலாம். உயரத்தில் உபரி பவரும் சொற்பம். 2009-ல் ஏர் ஃபிரான்ஸ் 447 சுமார் 38,000 அடியில் ஸ்டால் ஆனது. என்ஜின் இரண்டும் நன்றாகவே ஓடின. ஸ்டிக் பெரும்பாலும் பின்னாலேயே இருந்ததால் மூன்றரை நிமிடத்தில் கடலில் விழுந்தது.

ஆட்டோபைலட், ஆட்டோத்ரஸ்ட் இரண்டையும் ஆஃப் செய்துவிட்டு மூக்கைத் தள்ளுங்கள். லிஃப்ட் கீழே கிளம்பும்போது உடம்பு லேசாகுமே, அந்த அளவு. இறங்கவில்லையா, த்ரஸ்ட்டைக் குறையுங்கள். அப்படியும் அடங்கவில்லை என்றால் பேங்க் (பக்கவாட்டில் சாய்ப்பது), 60 டிகிரிக்கு மேல் வேண்டாம். மூக்கு அடிவானத்தை நெருங்கும்போது இறக்கையை நேராக்கி, வேகத்தைப் பார்த்து, பிறகு பவர்.

ஏ320-ன் கம்ப்யூட்டர் முழுப் பாதுகாப்போடு இயங்கும் நார்மல் லாவில் 30 டிகிரிக்கு மேல் மூக்கு ஏற விமானமே விடாது. ஆகவே உங்களுக்கு வந்தது அந்தப் பாதுகாப்பு குறைந்த ஆல்டர்னேட் அல்லது டைரக்ட் லா பயிற்சியாக இருக்கும்.

ரட்டர் வேண்டாம்
ஒன்றைச் சேர்க்கிறேன்: ரட்டரை (மூக்கை இடம் வலம் திருப்பும் வால் பலகை) இடமும் வலமும் மாற்றி மாற்றி மிதிக்காதீர்கள். 2001-ல் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் 587 விமானத்தின் வாலில் உள்ள செங்குத்துச் சிறகு பிய்ந்துபோனது அப்படித்தான். மான்யூவரிங் ஸ்பீடுக்குக் (முழுசாக மிதித்தாலும் விமானம் தாங்கும் என்று கணக்கிட்ட வேகம்) கீழே இருந்தால் எதுவும் ஆகாது என்பது தப்பான நம்பிக்கை. அந்தக் கணக்கு ஒருபக்கம் ஒரே ஒரு முறை முழுசாக மிதிப்பதற்கு மட்டும்தான்.

அடையாறு வியூ
சிமுலேட்டரை ரொம்பவும் நம்பிவிடாதீர்கள். சிமுலேட்டரைத் தாங்கி அசைக்கும் ஆறு கால் மேடையால் தொடர்ந்து ஜி (உடம்பை அழுத்தும் விசை) தர முடியாது. 2.5 ஜி இழுத்தாலும் உடம்புக்குத் தெரியாது, திரையில் எண்தான் ஓடும். சிமுலேட்டருக்குள் இருக்கும் விமானத் தரவின் எல்லையைத் தாண்டினால் அது காட்டுவது வெறும் ஊகம். இன்ஸ்ட்ரக்டர் திரையில் அந்த எல்லைக்கோட்டைப் பார்த்தபடியே நடத்த வேண்டும். ஐரோப்பாவில் 2019 டிசம்பரிலிருந்து முதல் டைப் ரேட்டிங்குக்கு முன் நிஜ விமானத்திலேயே குறைந்தது 3 மணி நேரப் பயிற்சி கேட்பது இதற்காகத்தான்.

நம்ம ஊர் சென்னை ரன்வே 07-ல் ராத்திரி டேக் ஆஃப் ஆனால், நகர விளக்கு முடிந்து வங்கக்கடல் இருட்டு வந்துவிடும். வேகம் கூடும்போது மூக்கு மேலே போவதுபோல் உட்காதின் சமநிலை உணர்வு ஏமாற்றும். அப்போது தள்ளினால் ஆபத்து. தள்ளலாமா என்பதை பிஎஃப்டி (விமானத்தின் நிலை, வேகம் காட்டும் முன்திரை) சொல்லட்டும்.

மீனம்பாக்கம்07
நன்றி சார். நோஸ் லோவில், அதாவது மூக்கு கீழே இருக்கும்போது, 70 டிகிரி பேங்க் என்றால் முதலில் மூக்கைத் தூக்கலாமா?

ஸ்டிக் ஷேக்கர்
கூடாது. ஸ்டால் இருந்தால் முதலில் அதைத் தீருங்கள். பிறகு இழுப்பைத் தளர்த்தி, கிட்டத்து வழியில் இறக்கையை நேராக்குங்கள். வேகம் ஏறினால் த்ரஸ்ட் ஐடில் (மிகக் குறைந்த நிலை), ஸ்பீட்பிரேக் (வேகம் குறைக்கும் இறக்கைப் பலகை). அதன்பிறகே இழுப்பு. சாய்ந்தபடி இழுத்தால் சுருள் இறுகும், உயரம்தான் போகும்.