பப் ரிப்போர்ட்டில் எல்எஸ்ஐஎல்: கொல்போஸ்கோபிக்கு முதல் மருந்து எடுக்கிறதா, திரும்பப் பப் செய்கிறதா?

கடற்கரைவீதி:
வயது 36, வெள்ளவத்தை. எம்ஓஎச் (பிரதேசச் சுகாதார வைத்திய அதிகாரி) சுகவனிதையர் கிளினிக்கில் எடுத்த பப் (கர்ப்பப்பைக் கழுத்துக் கலப் பரிசோதனை) ரிப்போர்ட் வந்திருக்கு. அதில் உள்ளபடியே எழுதுறன்: மாதிரி போதுமானது. எண்டோசேர்விக்கல் கலங்கள் இல்லை. மிதமான அழற்சி. எல்எஸ்ஐஎல், எச்பிவி மாற்றங்களுடன். கொல்போஸ்கோபிக்கு அனுப்பவும்.

மிட்வைஃப் மிஸ் கடிதம் தந்திட்டா. வீட்டில் ஒருவர், அழற்சிக்கு அன்டிபயோட்டிக் எடுத்திட்டு வெளியில் ஒரு லாப்பில் திரும்பப் பப் செய்து பார், அது சரியென்றால் போகத் தேவையில்லை என்கிறார். மாமியோ கர்ப்பப்பையை எடுத்துவிடச் சொல்கிறா. ஒரு பிள்ளை இருக்கு, இன்னொன்று வேணும். எது சரி?

நுண்காட்டி:
இரண்டும் வேண்டாம். கடிதத்தோடு கொல்போஸ்கோபிக்கு, அதாவது கர்ப்பப்பைக் கழுத்தைப் பெரிதாக்கிக் காட்டும் கருவியால் பார்க்கும் பரிசோதனைக்குப் போங்கோ. ஏன் என்று ரிப்போர்ட்டின் வரிசையிலேயே சொல்கிறேன்.

"மாதிரி போதுமானது" என்பதுதான் முதலில் பார்க்க வேண்டிய வரி. அது இல்லாவிட்டால் கீழே எழுதியிருக்கும் எதற்கும் பெறுமதி இல்லை. எண்டோசேர்விக்கல் கலங்கள் இல்லை என்றால், கர்ப்பப்பைக் கழுத்தின் உட்பக்கக் கலங்கள் தூரிகையில் அகப்படவில்லை என்று பொருள். பலர் இதைப் பார்த்துப் பதறுகிறார்கள். உங்களுக்கு மாற்றம் ஏற்கெனவே தெரிந்துவிட்டது, உட்பக்கத்தைக் கொல்போஸ்கோபியில் பார்ப்பார்கள், ஆகவே இதற்காகத் திரும்ப எடுக்கத் தேவையில்லை.

எல்எஸ்ஐஎல் என்பது குறைந்த தர மாற்றம். பெரும்பாலும் எச்பிவி (உறவின் மூலம் பரவும் ஒரு வைரஸ்) தொற்று நடந்துகொண்டிருப்பதன் தடயம். புற்றுநோய் அல்ல. ஆனால் பப் பார்ப்பது உதிர்ந்த கலங்களை மட்டும்தான். இழையத்துக்குள் என்ன இருக்கிறது என்பதை அது சொல்லாது. எல்எஸ்ஐஎல் வந்தவர்களில் ஒரு சிறு பகுதியினருக்குப் பயொப்சியில் (சிறு துண்டு எடுத்துப் பார்ப்பதில்) சிஐஎன் 2 அல்லது 3, அதாவது புற்றுநோய்க்கு முந்திய கூடிய தர மாற்றம் இருக்கும். அந்தச் சிலரைப் பிரித்தெடுக்கத்தான் அனுப்புகிறார்கள்.

அழற்சி வரியைப் பெரிதாக எடுக்க வேண்டாம். மாதவிடாய் நாட்கள், கர்ப்பத்தடைக்கு வைக்கும் லூப், சாதாரண வெள்ளைபடுதல் எல்லாவற்றிலும் அது வரும். நாற்றம், அரிப்பு, அடிவயிற்று வலி இருந்தால், அல்லது ரிப்போர்ட்டில் ட்ரைக்கோமொனாஸ் போல ஒரு கிருமியின் பெயரே இருந்தால் அதற்கு மருந்து உண்டு. எல்எஸ்ஐஎல்லை எந்த அன்டிபயோட்டிக்கும் மாற்றாது. பாமசியில் கேட்டு வாங்கிப் போடுவது வீண்.

உடனே திரும்பப் பப் செய்வதுதான் இதில் மோசமான யோசனை. சுரண்டி எடுத்த இடத்தில் கலங்கள் திரும்ப வளர வேண்டும். ஆறு கிழமைக்குள் எடுத்தால் மாற்றம் இருந்தும் "சாதாரணம்" என்று வரலாம். அந்தத் தாளை நம்பிக் கொல்போஸ்கோபியை விட்டுவிடுவார்கள். முதல் ரிப்போர்ட் பிழை என்று இரண்டாவது நிரூபிப்பதில்லை.

அவசரம் எவ்வளவு? இரவோடு இரவாக ஓட வேண்டியதில்லை. இரண்டு மூன்று மாதத்துக்குள் முடித்துவிடுங்கோ. எச்எஸ்ஐஎல் (கூடிய தர மாற்றம்), ஏஎஸ்சி-எச் (கூடிய தரமாக இருக்கலாம் என்ற சந்தேகம்) என்றிருந்தால் சில கிழமைக்குள் பார்க்கவேணும். ஏஜிசி என்றால் சுரப்பிக் கலங்களில் மாற்றம். அதற்குக் கொல்போஸ்கோபியோடு கழுத்தின் உட்புற மாதிரியும் எடுப்பார்கள், 35 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்குக் கர்ப்பப்பை உட்சுவர் மாதிரியும் சேரும். ஏஜிசியை "சிறிய மாற்றம்தானே" என்று யாரும் சொன்னால் கேட்க வேண்டாம்.

கடற்கரைவீதி:
நன்றி. அப்போ எச்பிவி டிஎன்ஏ பரிசோதனையை மட்டும் தனியாரில் செய்யலாமா? இன்னொன்று, இது என் கணவரிடமிருந்து வந்ததா?

ஈரப்பலா:
எல்எஸ்ஐஎல் வந்தவர்களில் பெரும்பாலானவர்களுக்கு எச்பிவி இருக்கும். ஆகவே பொசிட்டிவ் என்று வந்தாலும் புதிதாக ஒன்றும் தெரியாது, காசுதான் போகும். கொல்போஸ்கோபி முடிந்தபின் தொடர்ந்து கவனிக்க அது உதவும். அப்போது செய்வதானால் உயர் ஆபத்து வகைகளுக்கான பரிசோதனையா, 16, 18 இரண்டையும் தனியாகக் காட்டுமா என்று லாப்பில் கேளுங்கள். கர்ப்பப்பைக் கழுத்துப் புற்றுநோயில் ஏறத்தாழ 70 வீதத்துக்கு அந்த இரண்டும்தான் காரணம்.

அவரிடமிருந்தா என்ற கேள்விக்கு எந்த லாப்பும் பதில் தராது. தொற்று பல வருடம் வெளியே தெரியாமல் இருந்துவிட்டு இப்போது பப்பில் அகப்படலாம். எப்போது வந்தது, யாரிடமிருந்து வந்தது என்று நாள் குறிக்க வழியே இல்லை. ஆண்களுக்கு வழமையான எச்பிவி பரிசோதனையும் கிடையாது. இந்த ரிப்போர்ட்டை வைத்து வீட்டில் விசாரணை தொடங்காதீர்கள்.

தடுப்பூசி இருக்கிற தொற்றை அகற்றாது. மகள் இருந்தால் அவவுக்கு 6ஆம் வகுப்பில் பாடசாலையிலேயே போடுவார்கள், 2017 முதல் நடக்கிறது. ஒப்புதல் படிவத்தில் மறக்காமல் கையெழுத்து வையுங்கள்.

கிளினிக்கொப்பி:
கொல்போஸ்கோபி எப்படி நடக்கும் என்று யாரும் சொல்லவில்லை. கொழும்பில் காசல் வீதி ஆஸ்பத்திரியிலும் டி சொய்சா ஆஸ்பத்திரியிலும் செய்கிறார்கள். கடிதத்தில் எந்த இடம் என்று இருக்கிறதோ அங்கே முதலில் போய் நாள் எடுங்கள். தனியாரில் சனல் பண்ணி விஓஜியிடம் (பெண்நோயியல் நிபுணரிடம்) போனாலும் அரசாங்க ரிப்போர்ட்டின் மூலப் பிரதி வேணும், அதைப் போட்டோ எடுத்தும் வையுங்கள்.

இரத்தம் அதிகம் போகும் நாட்களைத் தவிர்த்து நாள் கேளுங்கள். அதற்கு முன் 48 மணித்தியாலம் உள்ளே வைக்கும் மாத்திரை, கிரீம் வேண்டாம், உறவும் வேண்டாம். உள்ளே தண்ணீர் விட்டுக் கழுவவும் வேண்டாம். பட்டினி இருக்கத் தேவையில்லை. பாவாடை அல்லது தளர்ந்த சட்டை வசதி. ஒரு பேட் கொண்டு போங்கள்.

கட்டிலில் ஏறமுதல் சொல்ல வேண்டியவை: நாள் தள்ளிப் போயிருக்கிறதா, அயடின் ஒத்துக்கொள்ளாதா, வோபரின், குளோபிடோகிரெல் போல இரத்தம் உறையாமலிருக்கும் மருந்து எடுக்கிறீர்களா. அந்த மருந்தை நீங்களாக நிறுத்த வேண்டாம். அடுத்த பிள்ளை வேணும் என்பதையும் சொல்லிவிடுங்கள்.

உள்ளே நடப்பது 10-15 நிமிட வேலை. பப் எடுத்த அதே கருவியால் திறந்து, 3 முதல் 5 வீத அசெட்டிக் அமிலத்தைத் தடவுவார்கள். கொஞ்சம் எரியும். மாற்றமடைந்த இடம் வெள்ளையாகும். சிலவேளை அயடினும் தடவுவார்கள், மாற்றமடைந்த இடம் கபிலமாகாமல் மஞ்சளாக நிற்கும். அங்கிருந்து சில மில்லிமீற்றர் துண்டு எடுப்பது பயொப்சி. கிள்ளியது போல ஒரு வலி, பிறகு மாதவிடாய் வலி போல. இரத்தத்தை நிறுத்த ஒரு மருந்து பூசுவார்கள், அதனால் சில நாளைக்குக் கோப்பித்தூள் போலக் கறுப்பாகப் படும். இரத்தம் கெட்டுப்போச்சு என்று பயப்பட வேண்டாம். ஒரு பேட் ஒரு மணித்தியாலத்தில் முழுதாக நனைந்தால், காய்ச்சல் வந்தால், நாற்றத்தோடு படத் தொடங்கினால் அன்றைக்கே ஆஸ்பத்திரி.

பெரும்பாலும் பிசகுவது இதற்குப் பிறகுதான். பயொப்சி ரிப்போர்ட் வந்து கிளினிக்கில் கிடக்கும், எடுக்க யாரும் வரமாட்டார்கள். வெளியே வரமுதல், எந்தத் திகதிக்கு, எந்த அறையில், யாரிடம் என்று கேட்டுக் கொப்பியில் எழுதுவித்துக்கொள்ளுங்கள்.

நுண்காட்டி:
மாமிக்குச் சொல்ல: பயொப்சியில் சிஐஎன் 1 (குறைந்த தர மாற்றம்) வந்தால் சிகிச்சையே இல்லை, 12 மாதத்தில் திரும்பப் பார்ப்பார்கள், பெரும்பாலும் தானாகப் போய்விடும். சிஐஎன் 3 என்றால் எடுக்கவேணும். அதுவும் கர்ப்பப்பையை அல்ல. இடத்தை மரக்கச் செய்து, மின்சாரக் கம்பி வளையத்தால் கழுத்தின் மாறிய பகுதியை மட்டும் வெட்டுவது, அதுதான் லெட்ஸ். சிஐஎன் 2க்கும் வழமையில் அதுதான், ஆனால் பிள்ளை வேணும் என்பவர்களுக்குச் சிலவேளை ஆறு மாதத்துக்கொருமுறை பார்த்துக்கொண்டு பொறுத்திருப்பார்கள். வெட்டும் ஆழம் கூடக்கூட, முக்கியமாக 10 மில்லிமீற்றரைத் தாண்டினால், அடுத்த பிள்ளை குறைமாதத்தில் பிறக்கும் ஆபத்துக் கூடும். பிள்ளை விஷயத்தை முதலே சொல்லச் சொன்னது இதற்குத்தான்.

தெமட்டகொடை:
இடையில் ஒன்று. அம்மாவுக்கு 58. "போதாத மாதிரி, அட்ரொஃபி" என்று வந்திருக்கு. இதுவும் இப்படியா?

ஈரப்பலா:
இல்லை. அட்ரொஃபி என்றால் மாதவிடாய் நின்றபின் உட்பக்கத் தோல் மெலிவது, அதனால் கலங்கள் போதுமான அளவு வராது. டொக்டர் சில கிழமைக்கு ஈஸ்ட்ரஜன் கிரீம் தருவார், பூசி, எடுக்க இரண்டு மூன்று நாளுக்கு முன் நிறுத்தித் திரும்பப் பப் செய்வார்கள். மார்புப் புற்றுநோய் வந்திருந்தால் கிரீமுக்கு முன் அதைச் சொல்லுங்கள். மாதவிடாய் நின்றபின் ஒரு துளி இரத்தமாவது பட்டிருந்தால் பப்புக்குக் காத்திருக்காமல் விஓஜியிடம் காட்டுங்கள்.

கடற்கரைவீதி:
டி சொய்சாவில் நாள் எடுத்திட்டன், அடுத்த மாதம் 2ஆம் கிழமை. அது எனக்கு மாதவிடாய் வரக்கூடிய கிழமை. மாற்றலாமா?

கிளினிக்கொப்பி:
இப்போதே மாற்றாதீர்கள், அடுத்த இடம் தள்ளிப்போகும். கடைசி நாட்களில் கொஞ்சமாகப் பட்டுக்கொண்டிருந்தால் போகலாம், பார்ப்பார்கள். அன்றைக்கு அதிகம் போனால் மட்டும் காலையிலேயே கிளினிக் தாதியிடம் சொல்லி, அடுத்த திகதியைக் கையோடு எழுதி எடுங்கள்.