12 விக்டோரியா: தேவதை பேரா, ராணி பேரா?

இரவுவானம்:
செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவுல சுத்துற சிறுகோள் 12 விக்டோரியா பத்தி படிச்சதுல இருந்து மனசு ஆறல. 1850 செப்டம்பர் 13, லண்டன்ல ஜான் ரஸ்ஸல் ஹிண்ட் கண்டுபிடிக்கிறார், அப்ப ஆண்டுட்டிருந்ததும் விக்டோரியா ராணிதான். சிறுகோளுக்கு புராணப் பேருதான் வைக்கணும்னு வழக்கம் இருந்துச்சு, உயிரோட இருக்குறவங்க பேரு கூடாது. ரோமானிய வெற்றி தேவதை பேரும் விக்டோரியாதான்னு ஒரு சாக்கு கிடைச்சுது, அவ்வளவுதான். அது அரண்மனைக்கு போட்ட கும்பிடு.

கீழைக்காற்று:
கும்பிடுன்னு ஒத்த வார்த்தைல முடிச்சுட்டீங்களே சகோ. அந்த தேவதைக்கு ரோம்ல கோயிலே இருந்துச்சு, ஹிண்ட் இட்டுக்கட்டின பேரு இல்ல. அந்தக் காலத்துல சிறுகோளுக்கு சின்னமும் வைப்பாங்க, இதுக்கு வச்சது ஒரு நட்சத்திரம், அது மேல லாரல் கிளை, நாம வெற்றி வாகைன்னு சொல்றோமே அங்க அதுக்கு லாரல். கிரீடமா வச்சார்?

இரவுவானம்:
அப்ப ஏன் அவரே க்ளியோன்னு இன்னொரு பேரும் கொடுத்தார்? ஆட்சேபம் வரும்னு தெரியும், வரவும் வந்துச்சு. அமெரிக்கால அஸ்ட்ரானமிக்கல் ஜர்னல் எடிட்டர் கூல்ட் விக்டோரியாவை ஒதுக்கிட்டு அந்த மாத்துப் பேரைத்தான் எடுத்துக்கிட்டார்.

நிலாமுற்றம்:
நடுவுல வர்றேன். ஹெர்ஷல் 1781ல தான் கண்டுபிடிச்ச யுரேனஸுக்கு ஜார்ஜ் மன்னர் பேரை வச்சார், நிக்கல. 1801ல பியாஸி சிசிலில சீரீஸை கண்டுபிடிச்சு, தேவதை பேரோட அங்க ராஜாவா இருந்த ஃபெர்டினாண்ட் பேரையும் சேர்த்து சீரீஸ் ஃபெர்டினாண்டியான்னு வச்சார், அதுலயும் ராஜா பாதி உதிர்ந்து தேவதை பாதிதான் மிஞ்சுச்சு. விக்டோரியா தப்பிச்சதும் தேவதையாலதான், ஹார்வர்ட்ல இருந்த வானியலாளர் பாண்ட், புராணப் பேருங்குற நிபந்தனை சரியாத்தான் இருக்குன்னு சொன்னார், கடைசில அவர் பேச்சுதான் எடுபட்டுச்சு. க்ளியோ 1865ல லூதர் கண்டுபிடிச்ச 84ஆம் சிறுகோளுக்கு போயிடுச்சு.

இரவுவானம்:
பேரு நின்னுடுச்சு, அதனால என்ன ஆச்சு? ஏழே வருஷத்துல, 1857ல பாரிஸ்ல கோல்ட்ஷ்மிட் 45க்கு யூஜீனியான்னு வச்சார், மூணாம் நெப்போலியனோட மனைவி பேரு, தேவதை சாக்குகூட இல்ல. இன்னிக்கு இருக்குற விதிப்படி அரசியல், ராணுவத்தால பேர் வாங்கினவங்க செத்து 100 வருஷம் ஆகணும். ராணி செத்தது 1901. அந்தக் கணக்குல 2001 வரைக்கும் காத்திருக்கணும்.

கீழைக்காற்று:
ராணிக்கு வச்ச பேருன்னு முடிவு பண்ணிட்டா அந்தக் கணக்கு சரி. ஆனா இதே ஹிண்ட் 1847லயே ரெண்டு சிறுகோள் கண்டுபிடிச்சிருக்கார், ஐரிஸ், ஃப்ளோரா. அப்பவும் இதே ராணிதான், கும்பிடு போடணும்னு துடிச்சிருந்தா முதல் சான்ஸ்லயே போட்டிருப்பாரே? அவர் வேலை எப்படின்னு யோசிச்சு பாருங்க, ரீஜண்ட்ஸ் பார்க்ல ஜார்ஜ் பிஷப்போட தனியார் ஆய்வகம், நட்சத்திர வரைபடத்தை பக்கத்துல வச்சுக்கிட்டு டெலஸ்கோப்ல தெரியுற ஒவ்வொரு புள்ளியையும் அதோட ஒத்து பாக்கணும், வரைபடத்துல இல்லாத புள்ளி ஒண்ணு தெரிஞ்சா அது நகருதான்னு காத்திருக்கணும், ராத்திரி ராத்திரியா இதே வேலை. அப்படி உழைச்சவருக்கு பேரு வைக்க உரிமை இல்லாம வேற யாருக்கு?

இரவுவானம்:
ஐரிஸ், ஃப்ளோரா விஷயம் எனக்கு தோணல, அதை ஒத்துக்கிறேன். உழைப்பையும் நான் குறை சொல்லல. ஆனா க்ளியோ வரலாற்றுக்கே தேவதை, எவ்வளவு பொருத்தமான பேரு, அது அவர் கையிலயே இருந்துச்சு, அதையே முதல்ல வச்சிருக்கலாம். என் நோட்டுல 12ன்னு மட்டும்தான் எழுதி வச்சிருக்கேன், பேரு எழுத இன்னும் மனசு வரல.