மலாவியில் சர்க்கரை நோயாளிகள்: நேரில் பார்த்தவர்கள் எழுதுங்கள்

லேப்காரன்:
தென் மலாவியில் ஒரு மாவட்ட மருத்துவமனை லேபில் மூன்று வருடம் இருந்தேன். அங்கேயும் இந்த நோய்க்குப் பேர் 'ஷுகா'தான், நம் 'சுகர்' போலவே.

பிப்ரவரியில் ஒரு மழைநாள். பதினாலு வயதுப் பையன் ஒருவனைக் கபாசாவில், அதாவது வாடகை சைக்கிள் கேரியரில், வைத்துக் கொண்டுவந்தார்கள். வாந்தி, அரை மயக்கம், மேல்மூச்சு. மழைக்காலத்தில் இப்படி யார் வந்தாலும் மலேரியா என்றுதான் முதலில் தோன்றும். நோயாளிகள் கையோடு வைத்திருக்கும் 'ஹெல்த் பாஸ்போர்ட்' நோட்டைப் புரட்டினால், ஏற்கெனவே இரண்டு இடத்தில் மலேரியா மாத்திரை எழுதியிருந்தது. எனக்கு வந்த சீட்டும் அதற்குத்தான். நெகட்டிவ். அவன் அம்மா நர்ஸிடம் புலம்பியது தற்செயலாகக் காதில் விழுந்தது: "ராத்திரி ஒரு பானைத் தண்ணியையும் இவனே குடிச்சிடறான்."

சிறுநீரில் சோதனைப் பட்டையை முக்கினேன். சர்க்கரை, கீட்டோன் (இன்சுலின் இல்லாதபோது உடம்பு கொழுப்பை எரிப்பதால் சேரும் அமிலம்) இரண்டு கட்டமும் இருண்டன. அலமாரியில் குளுக்கோமீட்டர் நாலு இருந்தது. எல்லாம் நன்கொடை, ஆளுக்கொரு கம்பெனி. ஒன்றின் ஸ்ட்ரிப் இன்னொன்றில் நுழையாது. ஒன்றுக்கு மட்டும்தான் ஸ்ட்ரிப் மிச்சம். எண் வரவில்லை, 'ஹை' என்று காட்டியது.

பையன் பிழைத்துக்கொண்டான். கஷ்டம் அப்புறம்தான். அரசு மருத்துவமனையில் இன்சுலின் இலவசம், ஸ்டாக் இருந்தால். இன்சுலினைக் குளிர்ச்சியாக வைக்கவேண்டும், வீட்டில் கரண்ட் கிடையாது. அதற்குப் பானை வழிசெய்தது. சோற்றுக்குத்தான் வழியில்லை. ஜனவரியிலிருந்து மார்ச் வரை அங்கே பசி மாதங்கள். பழைய மக்காச்சோளம் தீர்ந்திருக்கும், புதுசு ஏப்ரல் வாக்கில்தான் வீடு வரும். அடுத்த ஜனவரியில் அதே பையன் வலிப்போடு வந்தான். காலையில் ஊசி போட்டிருக்கிறார்கள், என்சிமா (மக்காச்சோள மாவுக் களி) சாயங்காலம் வரை கிண்டவில்லை, சர்க்கரை அடியோடு இறங்கிவிட்டது.

பயந்துபோன அம்மா, அடுப்பு எரியாத நாளில் ஊசியையும் நிறுத்த ஆரம்பித்தார். இவனுக்கு இருந்த டைப் 1-இல் (உடம்பு இன்சுலினே சுரக்காத வகை) அதுவும் ஆபத்து, மறுபடி கீட்டோன் ஏறிவிடும். "குறைக்கலாம், நிறுத்தக் கூடாது" என்றார் கிளினிக்கல் ஆபீசர். "எவ்வளவு குறைக்க?" என்று கேட்டார் அந்த அம்மா. வீட்டில் மீட்டரும் இல்லை, ஸ்ட்ரிப்பும் இல்லை. என்ன பதில் சொல்வது?

லிலாங்வே மருந்துக்கடை:
நீங்கள் சொன்னது இல்லாமையால் வந்தது. நான் பார்த்தது, மருந்து கிடைத்தும் வந்த வினை. நம்மூர்ப் பெரியவர் ஒருவருக்கு மகன் இந்தியாவிலிருந்து இன்சுலின் கொண்டுவந்து கொடுத்தார். இந்தியக் குப்பி பெரும்பாலும் மில்லிக்கு 40 யூனிட். இங்கே புழங்கும் சிரிஞ்சின் கோடுகள் மில்லிக்கு 100 யூனிட் கணக்கு. பெரியவர் வழக்கம்போல 20 கோடு இழுத்துப் போட்டுக்கொண்டார், உள்ளே போனதோ 8 யூனிட்தான். இரண்டு வாரமாகச் சர்க்கரை இறங்கவில்லை. வீட்டில் பழி முழுக்க மாம்பழத்தின் மேல்! தலைகீழாக 100 குப்பியை 40 சிரிஞ்சில் இழுத்திருந்தால் 20-க்குப் பதில் 50 போயிருக்கும். அப்படி நடக்காத வரை நல்லது.

ஊர்சுற்றி:
நேனோ மாவட்டத்தில் டைப் 1 பிள்ளைகளை மாவட்ட அளவிலேயே பார்க்கும் கிளினிக் உண்டு, 'பென்-பிளஸ்' என்பார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் ஆப்பிரிக்கப் பிரிவு 2022-இல் லோமே கூட்டத்தில் ஏற்ற முறை அது. நகரத்துப் பெரிய மருத்துவமனைக்குப் பஸ் காசு தேடவேண்டாம் என்பதே பாதி வைத்தியம். லேப்காரரே, அந்தப் பானை விஷயத்தைக் கொஞ்சம் விளக்குங்களேன்.

லேப்காரன்:
பெரிய மண்பானைக்குள் சின்னப் பானை, நடுவில் ஈரமணல். குப்பியை பிளாஸ்டிக் பையில் முடிந்து உள்ளே வைத்து, மேலே ஈரத்துணி. காற்றோட்டமான நிழலில் இருக்கவேண்டும். ஃபிரிட்ஜ் அளவு குளிராது, ஆனால் திறந்த குப்பி பொதுவாக 30 டிகிரிக்குக் கீழே நாலு வாரம் தாங்கும். மணலுக்குத் தினம் இரண்டு வேளை தண்ணீர் தெளிக்கவேண்டும். அந்த வீட்டில் அது பையனின் தங்கச்சி வேலை.